நிலத்தில் கிடந்த ஒரு பூட்டு

வெள்ளவத்தை
13.02.2025

மெல்ரோய் தம்பிக்கு,

உனக்குப் போன் அடித்தால் ஒரு ரிங்கோடு செத்துப்போகிறது. ஷஹீமாவின் போனிலிருந்து அடித்தும் பார்த்தேன், அதுவும் அப்படியே. என் மனுசியின் நம்பரையும் சேர்த்து அடைத்து வைத்திருக்கிறாய். நல்ல கோபம்தான், மாஷா அல்லாஹ். ஆகவேதான் பேப்பரும் பேனையும். பௌஸி தினமும் இங்கிருந்துதானே பிளான்ட் வேனில் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வாசிக்காமல் கிழித்துப் போடாதே. கிழித்தாலும் கொழும்புக் குப்பை எல்லாம் போல அதுவும் ஹெந்தளைக்கு அப்பால் நம்முடைய பிளான்டுக்குத்தான் வந்து சேரும். பொறுக்கி எடுக்க நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

பீற்றர் எப்படி இருக்கிறான்? பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வார்டு வாசலில் உன் மனுசி, மேபல் தங்கச்சி, நின்றது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தன் கூடப்பிறந்த தம்பி உள்ளே கிடக்கும்போது அது வேறு என்னதான் செய்யும்? வாங்கிக்கொண்டு போன பழத்தைக் காவல்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

வெள்ளிக்கிழமை நடந்தது எனக்கு இன்னும் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததை நீ எழுது.

சேலையும் மீன்வலையும் கத்தியில் சுற்றிக்கொண்டு, குப்பையை அரைக்கிற ஷ்ரெடர் நின்றுபோனது. நான் அதன் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். என் பூட்டைக் கொழுவி, 'டக்' என்று கேட்கும்வரை அமத்தி, இழுத்தும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் நானும் பீற்றரும் உள்ளே இறங்கினோம். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் தன் தன் பூட்டைப் போட வேண்டும் என்பது சட்டம். அதை நான்தானே எல்லாருக்கும் கத்திக் கத்திச் சொல்கிறவன். ஆனால் பல பூட்டுக்களைச் சேர்த்துக் கொழுவுகிற அந்த ஓட்டைத் தகடு துருப்பிடித்து ஒடிந்து எவ்வளவு காலம்? புதிதாக ஒன்று கேட்டு எவ்வளவு காலம்? ஒரு பூட்டுக்குத்தான் இடம். ஆகவே என் ஒரு பூட்டை நம்பி இரண்டு பேர் உள்ளே நின்றோம்.

பாங்கு சொன்னது. பீற்றர்தான் சொன்னான், "நீங்க ஜும்ஆவுக்கு போங்க நானா, மிச்சத்த நான் வெட்டி எடுக்கிறன்" என்று. வெள்ளிக்கிழமை எங்கள் வேலையை நீங்கள் பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் உங்கள் வேலையை நாங்கள் பார்ப்பதும் நேற்று வந்த பழக்கமா? போகும்போது என் சாவியை உன் கையில் தந்துவிட்டுப் போவதும் பழக்கம்தான். அன்று உன்னைத் தேடினேன். நீ குப்பையைத் தரம் பிரிக்கிற பெல்ட்டுக்கு அடியில் கிறீஸ் அடித்துக்கொண்டு கிடந்தாய். கூப்பிட்டது உனக்குக் கேட்கவில்லை. சாவியை என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். தொழுகையில் ஸுஜூதுக்குக் குனியும்போது அது தொடையில் குத்தியது, அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரும்பி வருகிறேன், அம்புலன்ஸ் கேட்டைத் தாண்டிப் போகிறது.

இப்போது எல்லாரும் கதைப்பது என்னவென்றால், வழக்கம்போல சாவி மெல்ரோயின் கையில் இருந்தது, மெல்ரோய்தான் திறந்தான் என்று. இல்லை. நான் உனக்குச் சாவி தரவில்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அப்படியென்றால் என் பூட்டை யார் திறந்தது? என் சாவி பள்ளிவாசலில், பூட்டு பிளான்டில். பூட்டியிருந்த சுவிட்ச் தானாக மேலே ஏறுமா? ஷெய்த்தான் வந்து ஏற்றினானா?

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 27ஆம் திகதி விசாரணை. அன்றைக்கு யாரோ ஒருவன் தலையில்தான் இது விழப்போகிறது. அதற்குள் எனக்கு இது விளங்கியாக வேண்டும். தம்பி, எழுது.

இப்திகார்


கொட்டாஞ்சேனை
15.02.2025

திரு. இப்திகார் அவர்களுக்கு,

அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று எழுதப் பேனை வரவில்லை. குறை நினைத்தால் நினையுங்கள்.

பௌஸி உங்கள் கடிதத்தைத் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டுக் கள்ளச் சரக்குத் தருகிறவன் மாதிரித் தந்தான். போனில் கதைத்தால் நான் கத்துவேன். அதனால் நானும் எழுதியே தொலைக்கிறேன்.

பீற்றரின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. கேட்டீர்களே, இதுதான் பதில்.

அவன் முகத்துவாரத்தில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன். கடல் வேண்டாம், கடல் வேண்டாம் என்று மேபல் அழுது அழுதுதான் நான் அவனைப் பிளான்டில் சேர்த்துவிட்டேன். "கரையில செய்யிற வேலை மாமி, ஒரு பயமும் இல்ல" என்று அவனுடைய அம்மாவிடம் சொன்ன வாய் என்னுடைய வாய். அந்த அம்மா இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். ஏசினாலும் பரவாயில்லை.

பீற்றர் மயக்கம் தெளிந்து அக்காவிடம் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா? "சாவி அத்தான்ட கையில தானே இருந்திச்சி." வெள்ளிக்கிழமை என்றால் சாவி என்னிடம் என்று அவனும் நினைத்துக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து மேபல் என்னோடு கதைப்பதில்லை. சோற்றைப் போட்டு மேசையில் மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள். உங்கள் கடிதத்தைக் காட்டி, "பார், அவரே எழுதியிருக்கிறார், எனக்குச் சாவி தரவில்லை என்று" என்றேன். வாசித்துவிட்டு, "அப்ப எப்பிடித் தொறந்திச்சி?" என்று கேட்டாள்.

என் பக்கத்தைச் சொல்கிறேன். பெல்ட்டின் சுவிட்சில் என் பூட்டு. கிறீஸ் அடித்து முடித்து வந்தேன், என் பூட்டைத் திறந்து நிலத்தில் போட்டேன், சுவிட்சை ஏற்றினேன். மேலே கண்ட்ரோல் அறையில் நின்ற நிஷாந்தினியிடம் வோக்கிடோக்கியில் "லைனப் போடுங்க" என்றேன். அவள் பட்டனை அமத்தினால் லைன் முழுக்க எழும்பும், பூட்டியிருப்பது மட்டும் எழும்பாது. இது உங்களுக்குத் தெரியாததா? ஷ்ரெடருக்குள் ஆள் நிற்பது எனக்குத் தெரியும். உங்கள் பூட்டு இருக்கிறது, அது அசையாது, பெல்ட் மட்டும் ஓடும் என்று நம்பித்தானே சொன்னேன். ஷ்ரெடர் எழும்பியது. நான் கத்தின கத்தில் இன்னும் தொண்டை நோகிறது.

பூட்டை மாறித் திறந்துவிட்டேனோ என்று யோசிக்காமல் இல்லை. இரண்டு சுவிட்ச் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே சாம்பல் நிறம். நம்பர் எல்லாம் எப்போதோ உரிந்துபோனது. பூட்டில் பேர் எழுதின மையும் அந்தக் குப்பை ஆவியில் நிற்பதில்லை. என் கண்ணாடியும் புகை பிடித்துத்தான் இருந்தது. ஆனால் என் சாவி உள்ளே போனது, திரும்பியது, திறந்தது. என் சாவிக்குத் திறந்தால் அது என் பூட்டு. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இந்த ஒரு நினைப்பில்தான் நான் சோறு தின்கிறேன், நித்திரை கொள்கிறேன்.

ஆகவே மிச்சம் ஒன்றுதான். நின்றுபோன மெஷின்தானே என்று நீங்கள் சுவிட்சை இறக்கவே இல்லை. பூட்டவும் இல்லை. ஜும்ஆவுக்கு நேரம் போகிறது என்ற அவசரம். மனுசருக்கு மறதி வரும். ஆனால் மறந்ததை மறந்தேன் என்று சொல்லுங்கள். ஷெய்த்தானை இழுக்காதீர்கள்.

மெல்ரோய்


வெள்ளவத்தை
17.02.2025

தம்பி,

நீ 'திரு' போட்டு எழுதினதை ஷஹீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளக்கி மனசு ஏலாமத்தான் எழுதீக்கி, நீங்க கோவிச்சிக்கிட்டு ஒண்டும் எழுத வாணாம்" என்றாள். எனக்குக் கோபம் வராமல் இல்லை. மணிக்கட்டு என்று எழுதின இடத்தில் கோபம் போய்விட்டது.

பீற்றரோடு உள்ளே நின்றவன் நான். அவன் வலையை வெட்டிக்கொண்டே, இந்த வலை எந்த ஊர் வலை, எந்த மீனுக்குப் போடுகிற வலை என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வெளியே வராமல் நின்றிருந்தால் என் கையும் போயிருக்கும். அப்படிப் போயிருந்தால் நீ என்னைப் பூட்டாதவன் என்று சொல்லியிருக்க மாட்டாய். யாராவது தன் கையையும் உள்ளே வைக்கப்போகிற இடத்தில் பூட்டாமல் இறங்குவானா, மடையா? அவசரம் பாங்குக்குப் பிறகுதானே. பூட்டினது அதற்கு எவ்வளவோ முந்தி!

சரி, இனிக் கேள். பௌஸியை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துக் கேட்டேன். நீ கத்தினதும் ஓடி வந்தவன் அவன். வந்து கைக்குக் கிடைத்த சுவிட்ச் எல்லாவற்றையும் கீழே இழுத்திருக்கிறான். நிலத்தில் ஒரு பூட்டு திறந்து கிடந்திருக்கிறது. அதை எடுத்து ஷ்ரெடர் சுவிட்சில் கொழுவிப் பூட்டியிருக்கிறான். நல்ல காரியம்தான் செய்தான். "ஒண்டா ரெண்டா?" என்று கேட்டேன். "ஒண்டுதான் நானா, சத்தியமா ஒண்டே ஒண்டுதான் கெடந்திச்சி" என்றான்.

இப்போது இதையும் கேள். பின்னேரம் பொலிஸார் வந்து அந்தப் பூட்டைத் திறக்கச் சொன்னபோது, எல்லாருக்கும் முன்னால் என் சாவியால்தான் திறந்தேன். மனேஜரும் பார்த்தார். என் சாவிக்குத் திறந்தால் அது என் பூட்டு. நீ சொன்ன அதே அத்தாட்சி! அப்படியென்றால் நிலத்தில் கிடந்தது உன் பூட்டு இல்லை, என்னுடைய பூட்டு. நான் பூட்டித்தான் இருந்தேன், யாரோ திறந்து நிலத்தில் போட்டிருக்கிறான்.

உன் பூட்டைத் திறந்து நிலத்தில் போட்டேன் என்கிறாய். கிடந்ததோ என் பூட்டு. ஒரு பூட்டு எப்படி இரண்டு பேருடைய பூட்டாக இருக்கும்? காலையில் பல் விளக்கிக்கொண்டே இதை யோசித்து, பல் விளக்கினேனா என்பதை மறந்து திரும்பவும் விளக்கினேன்.

ஒன்று கேட்கிறேன். கோபிப்பாய் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை என் சாவி உன் கையில் இருந்திருக்கிறது. அவசரத்துக்கு உதவும் என்று நகல் ஒன்று வெட்டி வைத்தாயா? வைத்திருந்தால் சொல்லிவிடு. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு விளங்கினால் போதும்.

இன்னொன்று. நிஷாந்தினியிடம் கேட்டுப் பார், அந்த நேரம் பெல்ட் ஓடினதா என்று.

இப்திகார்


கொட்டாஞ்சேனை
20.02.2025

திரு. இப்திகார் அவர்களுக்கு,

நகல் சாவியா? நான் வெட்டினேனா? உங்கள் மகன் முர்ஷித்துக்குக் காய்ச்சல் என்று நீங்கள் ஓடின நேரம் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துச் செய்தவன் நான். உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சி வருசா வருசம் எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் கிறிஸ்மஸ் கேக் பிராந்தி போடாமல் உங்களுக்கென்று தனியாக வேகும். அப்படி இருந்துவிட்டுக் கடைசியில் என்னைக் கள்ளச் சாவி வெட்டுகிறவன் ஆக்கிவிட்டீர்கள். மிச்சம் சந்தோசம்.

வெட்டவில்லை. போதுமா?

கேட்கச் சொன்னதைக் கேட்டேன். நிஷாந்தினி சொல்கிறாள், பெல்ட்டின் லைட் எரியவே இல்லையாம். ஷ்ரெடர் லைட் மட்டும்தான் எரிந்ததாம். "நான் அப்பவே யோசிச்சனான், ஏன் பெல்ட் எழும்பேல்லை எண்டு. அதுக்குள்ள உங்கட சத்தம் கேட்டுது" என்றாள். நான் பெல்ட் சுவிட்சை ஏற்றிவிட்டுத்தானே சொன்னேன்? ஏற்றின கை இதுதானே? அப்புறம் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அடுத்த நாள் காலை பெல்ட் சுவிட்சில் ஒரு பூட்டுத் தொங்கியது. என் சாவியால் திறந்தேன், திறந்தது. பௌஸி கொழுவியிருப்பான் என்று அப்போது பெரிதாக எடுக்கவில்லை. நேற்றுக் கேட்டேன். பெல்ட் பக்கம் தான் பூட்டே கொழுவவில்லை என்கிறான்.

அப்படியென்றால் என் பூட்டு யார் கொழுவினது? நான்தான் திறந்து போட்டேனே. எனக்கும் பைத்தியம் பிடிக்கும் போல இருக்கிறது. இதெல்லாம் எழுதி என்ன பயன்? நீங்கள் ஒன்று சொல்லுவீர்கள், நான் ஒன்று சொல்லுவேன், பீற்றருக்குக் கை வராது.

மேபல் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறேன் என்று போனவள், அங்கிருந்து நேரே முகத்துவாரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். லவினாவையும் கூட்டிக்கொண்டு. "உண்மை என்னண்டு தெரிஞ்சாப் பொறகு சொல்லுங்க, வாறன்" என்று மெசேஜ் ஒன்று. உண்மை கடையில் விற்கிற சாமானா, வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க?

மனேஜர் நேற்று என்னைக் கூப்பிட்டார். ஷ்ரெடர் சுவிட்ச் பூட்டப்பட்டிருக்கவில்லை என்று சிங்களத்தில் டைப் பண்ணி வைத்திருந்தார். கையெழுத்து வைத்தேன். வேறு என்னதான் நடந்திருக்க முடியும் என்று நீங்கள் எனக்குக் காட்டவில்லையே. உங்கள் வேலை போகும். தெரிந்துதான் வைத்தேன். மேபல் வீட்டுக்கு வர எனக்கு ஒரு பதில் வேண்டும்.

பிளான்ட் திரும்ப ஓடுகிறது. ஊர்க் குப்பைக்கு நம்முடைய துக்கம் தெரியுமா? ஷ்ரெடரின் கத்தி மழுங்கிப்போய் ஒன்றும் அரைபடவில்லை. வருகிற திங்கட்கிழமை கத்தி மாற்ற உள்ளே இறங்க வேண்டும். வேறு ஆட்கள் பயப்படுகிறார்கள். நான் இறங்குகிறேன். என் பூட்டைப் போட்டு, என் சாவியை என் பையில் வைத்துக்கொண்டு. என் பூட்டை நான் நம்புகிறேன்.

இனி எழுத வேண்டாம்.

மெல்ரோய்


வெள்ளவத்தை
22.02.2025

மெல்ரோய்,

இறங்காதே.

இந்தக் கடிதம் பௌஸியின் கையில் வர நாளைக்காகும் என்பதால், நிஷாந்தினிக்குப் போன் பண்ணி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எந்த மெஷினுக்குள்ளும் யாரும் இறங்க வேண்டாம், எந்தப் பூட்டையும் நம்ப வேண்டாம் என்று. அந்தப் பிள்ளை ஏன் என்று கேட்டது. மனேஜருக்கும் போன் பண்ணிச் சொன்னேன். உனக்கு மட்டும் முழுக் காரணத்தையும் எழுதுகிறேன். நிதானமாக வாசி. முடிந்தால் உட்கார்ந்து வாசி.

இன்று காலையில் என் மாமா, ஷஹீமாவின் வாப்பா மீரா சாஹிப், கடை ஷட்டருக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். சாவி தொலைந்துவிட்டது. பாத்திரக் கடை, சனிக்கிழமை வியாபாரம், ஊரே போகிறது வருகிறது. அந்தப் பூட்டு நான் கொடுத்தது. பிளான்டுக்கு வாங்கின பெட்டியில் ஒன்று கூடுதலாக இருந்தது, அதைக் கொடுத்தேன். உடைக்க ஆள் தேடும்போது ஷஹீமா, "ஒங்கட கொத்துல ஈக்கிற சாவியயும் போட்டுத்தான் பாருங்களே" என்றாள். "இது பிளான்ட் பூட்டின் சாவியடி, இதுக்கு எப்பிடித் தொறக்கும்" என்று சிரித்துக்கொண்டே போட்டேன்.

திறந்தது.

மாமா கடைக்குள் போய்விட்டார். நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலி வீதியில் நின்றேன். "என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க, வெலகுங்க, ஆள் போகணும்" என்று ஏசினார். வீட்டில் அந்தப் பெட்டியில் வந்த உதிரிச் சாவிகள் ஓர் உறைக்குள் கிடந்தன. எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்த ஒரு பூட்டில் போட்டேன். எல்லாம் திறந்தது. ஒவ்வொன்றும் திறந்தது, தம்பி. வெட்டு எல்லாம் ஒரே வெட்டு.

மெஷினோடு வந்த நம்பர் போட்ட சிவப்புப் பூட்டுக்கள் ஒவ்வொன்றாகத் தொலைந்தபோது, வெளிநாட்டிலிருந்து எடுக்க நாள் போகும் என்றார்கள். சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான்தான் புறக்கோட்டைக்குப் போய், பெட்டியோடு எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்றவனிடம் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பூட்டும் தன் சாவியோடு தனித்தனிப் பையில் இருந்தது. ஒன்றின் சாவியை மற்றதில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் போர்மன் என்று சம்பளம் வாங்கினவன் நான். எல்லாரும் ஆளுக்கொரு பூட்டு என்று நினைத்தோம். இருந்தது எல்லாருக்கும் ஒரே பூட்டு.

இனி மிச்சம் உனக்கே விளங்கும். இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். உன் சாவி திரும்பியது, பூட்டுத் திறந்தது, எல்லாம் நீ சொன்னபடிதான். நீ பொய் சொல்லவில்லை. ஆனால் அது பெல்ட் பெட்டி இல்லை. உன் பூட்டு பெல்ட்டிலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத்தான் அடுத்த நாள் திறந்தாய். அதனால்தான் பெல்ட் ஓடவில்லை. நிலத்தில் கிடந்த ஒரு பூட்டு என்னுடையது.

"இத நீங்க எழுதாம வுட்டா என்ன?" என்று ஷஹீமா கேட்டாள். "அந்தப் புள்ள இத வாசிச்சா என்னாகும்?" என்று அழுதாள். எழுதாமல் விட்டால் திங்கட்கிழமை நீ உள்ளே இறங்குகிறாய். பக்கத்தில் நிற்கிற எவனாவது தன் பூட்டு என்று நினைத்து உன் பூட்டைத் திறப்பான்.

மனேஜருக்குப் பூட்டுக்கள் பிழை, வாங்கினவன் நான் என்று சொன்னேன். அன்றைக்குச் சுவிட்சை ஏற்றினது யாருடைய கை என்று சொல்லவில்லை. விசாரணையிலும் நானாகச் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன். நீ சொல்வதும் விடுவதும் உன் பாடு. நகல் சாவி என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள். வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

உன் நானா,
இப்திகார்


கொட்டாஞ்சேனை
24.02.2025

இப்தி நானா,

பௌஸி நேற்றுக் காலையிலேயே கொண்டுவந்து தந்தான். ஞாயிற்றுக்கிழமை என்று பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். பூசைக்குப் போகவில்லை. பிளான்டுக்குப் போனேன்.

நிஷாந்தினியும் பௌஸியும் நானும், இருந்த பூட்டு எல்லாவற்றையும் கண்ட்ரோல் அறை மேசையில் பரப்பி வைத்தோம். ஒன்றாவது திறக்காமல் இருக்காதா என்று மாதாவை வேண்டிக்கொண்டே ஒவ்வொன்றாக என் சாவியைப் போட்டேன். ஒன்றும் இரங்கவில்லை. எல்லாம் திறந்தது. பௌஸி "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நிஷாந்தினி என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? நீங்கள் பூட்டவில்லை என்று நினைத்தபோது வந்த கோபம் இதற்குப் பக்கத்திலும் வராது. அந்த ஒரு நினைப்பில்தான் இருந்தேன் என்று எழுதினேனே, அதைப் பிடுங்கிவிட்டீர்களே. பிறகு நினைத்தேன், இதை ஊர் முழுக்கச் சொல்லி உங்கள் வேலையைத் திரும்ப வாங்கியிருக்கலாமே நீங்கள். எனக்கு மட்டும் எழுதினீர்கள். கும்பிடுவதா ஏசுவதா என்று தெரியவில்லை, நானா. இன்னும் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே முகத்துவாரம் போனேன். மேபல் முற்றத்தில் லவினாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுச் சொன்னேன். ஒன்றும் ஒளிக்கவில்லை. ஏற்றினது என் கை, திறந்தது என் சாவி, பூட்டு இப்திகார் நானாவுடையது, பூட்டு வாங்கினதும் அவர், நம்பர் உரிந்ததைப் பார்த்துப் பார்த்துப் பேசாமல் இருந்தது நாங்கள் எல்லாரும். அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்து, "அப்ப நான் இனி யாரோட கோவிக்கிற?" என்றாள். என்னைத்தான் கேட்கிறாளோ, தன்னைத்தானே கேட்கிறாளோ தெரியவில்லை. அவளுடைய அம்மா உள்ளே இருந்து வந்து ஒரு கதிரையைப் போட்டார். உட்காரச் சொல்லவில்லை. போட்டுவிட்டுப் போனார். நான் உட்கார்ந்தேன்.

மேபல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் பின்னேரம் என்னோடு பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

இன்று காலை மனேஜரிடம் போய் அந்தக் கையெழுத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டேன். "போட்டது போட்டதுதான், கிண்டாதே, நீயும் போய்விடுவாய்" என்றார். போனால் போகிறேன். வியாழக்கிழமை விசாரணையில் நான்தான் முதலில் எழும்பிப் பேசுவேன். உங்கள் சுவிட்ச் பூட்டியிருந்தது, திறந்தவன் நான் என்று சொல்லுவேன். நீங்கள் பூட்டுக் கதையைச் சொல்லுங்கள். நான் உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைக்காதீர்கள், அதுதான் நடந்தது.

கத்தி மாற்ற யாரும் இறங்கவில்லை. ஆளுக்கொரு சாவி, ஓட்டைத் தகடு, சுவிட்சில் கண்ணுக்குத் தெரிகிற நம்பர், இவ்வளவும் வரும்வரை இறங்குவதில்லை என்று மூன்று ஷிஃப்டும் சொல்லிவிட்டது. பிளான்ட் நிற்கிறது. லொறிகள் கேட்டுக்கு வெளியே வரிசையாக நாறிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு குப்பைப் பை. எதிர் வீட்டு சரோஜினிதேவி அக்கா, "என்ன மெல்ரோய், மெஷினுக்கு லீவா?" என்று நக்கல் அடிக்கிறார். ஓம் அக்கா, லீவுதான் என்றேன்.

பீற்றரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வளவும் எழுதிவிட்டேன். அதை எழுதப் பயந்துதான் வேறு எல்லாம் எழுதினேன்.

நேற்றுப் பின்னேரம் அவனுடைய கட்டில் பக்கத்தில் நின்று சொன்னேன். மேபலிடம் சொன்ன மாதிரிச் சொல்ல வரவில்லை, பாதியில் அழுதுவிட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நேர்ஸ் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அப்போதும் திரும்பவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. நாங்கள் கிளம்பும்போதுதான், "நானாக்குத் தெரியுமா?" என்று கேட்டான். அவர்தான் கண்டுபிடித்தார், வாசலுக்கு வந்து வந்து திரும்பிப் போகிறார் என்றேன். மேபல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வரச் சொல்லுங்க அத்தான்" என்றான். "ஆனா நீங்களும் அவரும் சேந்து வர வாணாம். ரெண்டு பேரும் ஒண்டா அழுதா, தொடைக்க எனக்கு ஒரு கைதானே இருக்கு."

நாளைக்கு நான் போகிறேன். புதன்கிழமை நீங்கள் போங்கள்.

மெல்ரோய்